பத்து மாத நெல்

எங்கள் தூம்பூரில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். எந்த மாதத்தில் என்று கேட்டால் பதில் சொல்லலாம். கார்த்திகை பிறந்தால் பாதி ஊர் காபிப்பழம் பறிக்கத் தாண்டிக்குடிப் பக்கம் இறங்கிவிடும். மாசியில் பூண்டு பிடுங்க எல்லாரும் திரும்புவார்கள். அப்போது வீட்டுக்குள் கால் நீட்ட இடம் இருக்காது. பங்குனியில் உருளைக்கிழங்கு ஊன்றிய கையோடு ஆண்கள் குதிரைகளை ஓட்டிக்கொண்டு பொதி சுமக்கப் போவார்கள். மழை பிடித்துக்கொண்டால் தோல் பதனிடுகிறவர்களுக்காகச் சீகை மரத்தில் பட்டை உரிக்கக் காட்டுக்கு ஒரு கூட்டம் கிளம்பும். ஈரத்தில்தான் பட்டை கழன்று வரும். வருஷம் முழுக்க ஊரில் நிலையாக இருப்பது மாரியம்மனும் நடக்கமுடியாத நாலைந்து பேரும்தான்.

இப்படிப்பட்ட ஊரிலேயே கால் தரிக்காதவள் என்று பெயர் வாங்க வேண்டுமானால் அவள் எப்படிப்பட்டவளாக இருக்கவேண்டும்! அவள்தான் என் மதினி அன்னக்கொடி. என் அண்ணன் பொன்னுச்சாமியைக் கட்டிக்கொண்டு பூம்பாறையிலிருந்து வந்தவள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று கல்யாணத்தன்றே சொன்னார்கள். மணமேடையில்கூட அவளால் ஒரு நாழிகை சும்மா உட்கார முடியவில்லை. மாலையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் நின்ற நான்தான் கையில் ஒரு தட்டு தட்டினேன்.

அவளோடு சேர்ந்து வேலைக்குப் போவது பெரிய பாடு. நாங்கள் ஒரு பாத்தி பூண்டு பிடுங்கி நிமிர்வதற்குள் அவள் இரண்டாவது பாத்தியில் பாதி போயிருப்பாள். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. நின்று நம்மைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சுக்காகவே அவளை அடிக்கத் தோன்றும். ஆனால் அவள் இல்லாமல் எந்தக் கூட்டமும் வேலைக்கு இறங்கியதில்லை. காபித் தோட்டத்தில் கூலி குறைத்தால் எதிர்த்துப் பேச அவள் வேண்டும். அட்டை கடிக்கிற காட்டில் முன்னால் நடக்கவும் அவள்தான் வேண்டும்.

அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து செத்தன. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. முதல் பையன் தவழும்போது காய்ச்சலில் போனான். அடுத்தவன் பெயர் வைக்குமுன்னே போனான். மூன்றாவது பெண், நன்றாகத்தான் இருந்தது, ஒரு நாள் காலையில் தொட்டிலில் குளிர்ந்து கிடந்தது. மூன்று தடவையும் அன்னக்கொடி ஒரே வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். தன் வாய்தான் தின்றுவிட்டது என்றாள். என் மவன், என் மவன் என்று ஊரெல்லாம் கேட்கும்படி அவள் கொஞ்சியது உண்மைதான். எந்தத் தாய் கொஞ்சவில்லை? ஆனால் அவள் மனசில் அது ஆணி அடித்தமாதிரி இறங்கிவிட்டது.

நாலாவது பிள்ளை ஐம்பத்துமூன்றாம் வருஷம் பிறந்தது. பெண். இந்தத் தடவை ஊர்ப் பொம்பளைகள் யாரும் அவளைக் கேட்கவே இல்லை. இதைத் தவிட்டுக்கு வித்துரணும் என்று முடிவுகட்டிவிட்டார்கள். அது எங்கள் பக்கத்து வழக்கம். பிள்ளை தங்காத வீட்டில் பிறந்த பிள்ளையை நெல் புடைக்கிற சொளகில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்துவிடுவார்கள். வேறு வீட்டுக்காரி ஒருத்தி வந்து தன் வயல் நெல்லைத் தன் உரலில் குத்திய தவிட்டை ஒரு படி அளந்து கொடுத்துப் பிள்ளையை எடுத்துக்கொள்வாள். அப்புறம் அது அவள் பிள்ளை. பெற்றவள் பாலுக்கும் வளர்ப்புக்கும் மட்டும்தான். எமனோ, கண்ணேறோ, எது தேடிக்கொண்டு வந்தாலும் அந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று திரும்பிப் போய்விடுமாம்.

வாங்கியவள் எங்கள் எதிர்வீட்டுச் சிவபாக்கியம். பாக்கியக்கா என்றுதான் நாங்கள் கூப்பிடுவோம். அவள் புருஷன் திருமலைச்சாமிக்கு ஓடைக்கரையில் நல்ல வயல் இருந்தது. பிள்ளைதான் இல்லை. குப்பைமேட்டுக்கு அவள் புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். வெறும் சடங்குக்கு எதற்குப் புதுச்சேலை என்று நான் அப்போது கிண்டல் பண்ணினேன். தவிட்டை அளந்து அன்னக்கொடி மடியில் கொட்டிவிட்டு, குனிந்து பிள்ளையை எடுத்தாள். முறைப்படி உடனே பெற்றவளிடம் வளர்க்கக் கொடுக்கவேண்டும். அவள் கொடுக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

பிள்ளைக்குத் தவிட்டம்மாள் என்று பெயர். அது பாக்கியக்காவை ஆத்தா என்று கூப்பிட்டது. பெற்றவளை அக்கா என்று கூப்பிட்டது. அப்படித்தான் பழக்கினார்கள். விற்ற பிள்ளையைத் திருப்பி வாங்கவும் முறை இருக்கிறது. பெற்றவள் தன் வயல் நெல்லில், தன் உரலில் குத்திய தவிடு ஒரு படியை வாங்கியவள் கையில் கொடுக்கவேண்டும். பெண்ணாக இருந்தால் பெரியமனுஷி ஆவதற்குமுன் கொடுத்துவிடவேண்டும். தவறினால் சடங்கும் கல்யாணமும் வாங்கிய வீட்டில்தான். அதற்கப்புறம் பெற்றவளுக்கு உரிமை கிடையாது. ஆனால் அந்த அளவுக்கு யாரும் விடுவதில்லை. பிள்ளைக்கு ஐந்து வயதானதும் பழனிக்கு நடந்துபோய் முடி எடுத்துவிட்டு, வந்த கையோடு தவிட்டைக் கொடுத்துக் கூட்டிக்கொள்வார்கள்.

அன்னக்கொடி கொடுக்கவில்லை. ஐந்து வயதில் கேட்டதற்கு அடுத்த தைக்கு என்றாள். அடுத்த தையில் தாண்டிக்குடியில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். அதற்கடுத்த தையில் அண்ணனுக்குக் கால் சரியில்லை என்றாள். பிள்ளையை எதிர்வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவாள், வருவாள், மறுபடி போவாள். இவளுக்குப் பிள்ளைப் பாசமே இல்லை என்று ஊர் பேசியது. நானும் பேசினேன். ஒரு நாள் பட்டை உரிக்கிற காட்டில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது அவளே சொன்னாள். பக்கத்தில் இருந்தால் கை சும்மா இருக்காதாம், தலையைத் தடவுமாம், வாய் மவளே என்று சொல்லிவிடுமாம். அதனால்தான் ஓடிக்கொண்டே இருக்கிறாளாம். அன்றிலிருந்து அவள் ஓட்டத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

அறுபத்தொன்றாம் வருஷம் மாசியில் சனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். ஊர் முழுக்க இருந்த நேரம். எல்லா வாசலிலும் பூண்டுக் குவியல். அண்ணன் வீட்டு வாசலில் அன்னக்கொடி தாளோடு பூண்டை முடிச்சுப்போட்டுக்கொண்டிருந்தாள். தவிட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சுகளைப் பரணில் ஏற்றத் தோதாக அடுக்கிக்கொடுத்தாள். எட்டு வயது அப்போது. வாத்தியார் முதலில் அன்னக்கொடிக்கு என்ன வேலை என்று கேட்டார். அவள் பூண்டு, கிழங்கு, காபி, பட்டை, பொதி என்று அடுக்கிக்கொண்டே போனாள். மனுஷன் பேனாவை எடுத்து நெற்றியைச் சொறிந்தார். ஒன்று சொன்னால் போதும் என்றார். ஒரே வேலை செய்தால் இந்த ஊரில் யார் கஞ்சி குடிக்கமுடியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். எல்லாரும் சிரித்தோம்.

அடுத்து அவர் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்.

அன்னக்கொடியின் கை நின்றது. பக்கத்தில் இருந்த பிள்ளையின் கையும் நின்றது. அவள் பூண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்குப் புள்ளை இல்லீங்க."

வாத்தியார் சிறுமியைப் பார்த்தார். அது எதிர்வீட்டுப் பிள்ளை என்றாள் அன்னக்கொடி. அவர் எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே பாக்கியக்கா வாசலில் காத்துக்கொண்டிருந்தாள். இங்கே பேசியது முழுக்க அவள் காதில் விழுந்திருக்கும். அவர் கேட்டு முடிக்கும்முன் ஒன்று, பெண் என்றாள். அவ்வளவு தெளிவாக அவள் எதையும் பேசி நான் கேட்டதில்லை. தவிட்டம்மாள் கையிலிருந்த முடிச்சைக் கீழே வைத்தாள், பாவாடையைத் தட்டிக்கொண்டாள், எதிர்வீட்டுக்குள் போனாள். அதற்கப்புறம் அவள் என் அண்ணன் வீட்டில் ஒரு வேளைகூடச் சாப்பிட வரவில்லை.

அன்றைக்கு அன்னக்கொடிக்குப் புத்தி வந்தது. எமன் கேட்டால் இல்லை என்று சொல்லலாம். பேனாவோடு வந்த மனுஷனுக்கு எதற்கு அந்தப் பதில்? நான் நன்றாகத் திட்டினேன். மறுவாரமே அண்ணனின் குதிரையோடு ஒட்டன்சத்திரம் வரை இறங்கினாள். அரைக்கிற மில்லில் ஒரு படி தவிடு வாங்கி, துணியில் முடிந்து, மலை ஏறி வந்து பாக்கியக்கா முன்னால் வைத்தாள்.

பாக்கியக்கா அதைக் கையில் அள்ளி விரல் வழியே விட்டுப் பார்த்தாள். பொடியாக, வெள்ளையாகக் கொட்டியது.

"இது மில்லுத் தவிடாச்சே. உன் வயல்ல வெளைஞ்ச நெல்லு, உன் உரல்ல குத்தினது. அதுதானே மொறை? கொண்டா, நானே புள்ளையக் கூட்டியாந்து விடுறேன்."

பாக்கியக்கா மோசமானவள் இல்லை. எங்கள் வீட்டில் உப்பு இல்லையென்றால் கேட்காமல் கொண்டுவந்து வைப்பவள். ஆனால் அன்றைக்கு அவள் கேட்டது நடக்காத காரியம். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஏனென்றால் தூம்பூரில் நெல்லே கிடையாது. எங்கள் மலை நெல் விளையப் பத்து மாதம் ஆகும். அந்தப் பத்து மாதத்தில் கிழங்கு இரண்டு வெள்ளாமை எடுத்துவிடலாம். லாரி பூம்பாறைக்கு வர ஆரம்பித்ததும் ஒவ்வொரு வயலாகக் கிழங்குக்கும் பூண்டுக்கும் மாறிவிட்டது. கடைசியாக மாறியது திருமலைச்சாமியின் ஓடைக்கரை வயல். அரிசி கடையில் வாங்கினோம். விதைநெல் ஒரு பிடி வீட்டில் வைத்திருக்கவேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தோன்றாமல் போனதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. பத்து மாதம் சேற்றில் நின்று நின்று கால் வெந்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

அன்னக்கொடி விதைநெல் தேடிக் கிளம்பினாள். கவுஞ்சிக்குப் போனாள், போளூருக்குப் போனாள், பூண்டிக்குப் போனாள். எங்கே கூலிக்குப் போனாலும் முதல் கேள்வி அதுதான். கிழங்கு தோண்டிக்கொண்டே கேட்பாள். நெல்லா, எதுக்கு என்று சிரித்தார்கள். ஒரு வருஷம் போனது, இன்னொரு வருஷமும் போனது. எதிர்வீட்டில் தவிட்டம்மாள் வளர்ந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவை ஊர் திரும்பும்போதும் அன்னக்கொடி முதலில் அவள் உயரத்தைத்தான் பார்ப்பாள். பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பாள். இன்னும் இல்லை என்று நான் தலையாட்டுவேன்.

கடைசியில் கிளாவரையில் நல்லசாமி என்று ஒருவரிடம் இருந்தது. கோயிலில் புத்தரிசிப் பொங்கல் வைக்க மட்டும் ஒரு துண்டு வயலில் விட்டுவைத்திருந்தார். சாமிக்கு உள்ளதைக் கொடுக்கமாட்டேன் என்று முதலில் விரட்டிவிட்டார். அவள் போகவில்லை. அவர் காட்டில் கிழங்கு வெள்ளாமை முடியும்வரை கூலி வாங்காமல் வேலை செய்தாள். அவருக்கே வெட்கமாகிவிட்டது. சொளகில் அள்ளிக் கொடுத்தார்.

அறுபத்துநாலு பங்குனியில் அண்ணன் வீட்டு ஓடைவயலில் அவள் சேறு மிதித்தாள். அந்த வயலில் எனக்கும் பங்கு உண்டு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நல்ல தண்ணீர் பாயும் வயல், கிழங்கு விலை ஏறியிருந்த வருஷம். அண்ணன் கத்தினான். நான் அவனைவிட அதிகமாகக் கத்தினேன். அவள் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு, ஒரே ஒரு வெள்ளாமை என்று மட்டும் சொன்னாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். வேறு என்ன செய்ய?

நட்டபிறகுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது. இந்தப் பயிருக்குக் காவல் வேண்டும். ஊர் முழுக்கக் கிழங்கும் பூண்டும் இருக்கும் இடத்தில் ஒரே ஒரு துண்டு நெல் நின்றால் காட்டுப்பன்றிக்கு மூக்கு வேர்க்காதா? பத்து மாதம் ஒருத்தர் அங்கேயே கிடக்கவேண்டும். அண்ணன் பொதிக்குப் போகவேண்டும், எனக்கு என் குடும்பம். அன்னக்கொடி வயலோரம் குடிசை போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்று சொல்வதே தப்பு. வரப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். ஆடியில் பட்டைக்கு ஆள் கூப்பிட வந்தார்கள், போகவில்லை. கார்த்திகையில் காபிக்குக் கூட்டம் கிளம்பியபோது பாதை வரைக்கும் கூடவே வந்தாள். எல்லாரும் வளைவில் மறைந்ததும் பன்றி விரட்டும் தகரத்தைத் தட்டிக்கொண்டு திரும்பி ஓடினாள். அந்த வருஷம் அவள் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. வேலை செய்து இளைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், இருந்த இடத்தில் இருந்து இளைத்தவளை அப்போதுதான் பார்த்தேன்.

மார்கழியில் கதிர் முற்ற ஆரம்பித்தது. அதே மார்கழியில் பனியும் கொட்டியது. காலையில் புல்லெல்லாம் உப்பு தூவினமாதிரி வெள்ளையாகிவிடும். கதிர் கருகிவிடக்கூடாதே என்று ஓடைத் தண்ணீரை விடியுமுன் வயலுக்குள் திருப்பிவிடுவாள். நான் தினமும் வெள்ளனே கேப்பைக் கஞ்சி கொண்டுபோவேன். ஒரு நாள் போனபோது குடிசைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் தவிட்டம்மாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள். அன்னக்கொடியின் முகத்தில் ரத்தமே இல்லை. பெண் பெரியமனுஷி ஆகிவிட்டாள் என்று கேட்காமலே எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு உலகமே கவிழ்ந்ததுபோல் ஆகிவிட்டது. நெல் அறுக்க இன்னும் ரொம்ப நாள் கிடந்தது. பச்சைக் கதிரை அறுத்துக் குத்தினால் கூழ்தான் வரும், தவிடு வராது. பாக்கியக்காவிடம் சொல்லிவிட்டாயா என்று பதறிப்போய்க் கேட்டேன். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. அன்னக்கொடியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"யாருக்கும் தெரியாது. பாவாடைய நானே அலசிப் போட்டுட்டேன். நெல்லு அறுக்கிற மட்டும் யார்ட்டயும் சொல்லமாட்டேன்."

பிறகு, நாலு வருஷமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டாள்.

"அன்னிக்கு ஏன் இல்லேன்னு சொன்னே?"

"இருக்குன்னு சொன்னா நீ செத்துப் போயிருவியேன்னுதான்."

"இப்பச் சொல்லு. சாகமாட்டேன், ஆத்தா."

அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த வாய் அது. அன்னக்கொடி அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அப்போதும் அவளால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் கஞ்சியை வைத்துவிட்டு வெளியே வந்து மூக்கைச் சிந்தினேன்.

அதற்கப்புறம் போன நாட்களைப்போல் என் வாழ்க்கையில் எதுவும் நீளமாக இருந்ததில்லை. வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயம். தீட்டை மறைத்தால் எங்கள் ஊரில் சும்மா விடமாட்டார்கள். சமைந்த பெண் விளைந்த வயலில் கால் வைத்தாள் என்றால் அந்த வருஷம் பூண்டு அழுகினாலும் எங்களைத்தான் சொல்வார்கள், குதிரை செத்தாலும் எங்களைத்தான் சொல்வார்கள். எனக்கே உள்ளுக்குள் உதைப்புத்தான். மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். தினமும் அன்னக்கொடி நெல்லை உருவிப் பல்லில் கடித்துப் பார்ப்பாள். நானும் கடித்துப் பார்ப்பேன். பால், பால், இன்னும் பால்.

தவிட்டம்மாள் பன்றி விரட்டப் போகிறேன் என்று சொல்லிவிட்டு முக்கால்வாசி நேரமும் வயலிலேயே இருந்தாள். பாக்கியக்கா போக விட்டாள். கோழி கூவியதும் பெண் அடுப்படிக்கு வரவில்லையென்றால் தேடுகிறவள், அந்த மாதம் ஒரு தடவைகூடத் தேடி வரவில்லை. ஒரு நாள் என்னைத் தண்ணீர்த் துறையில் பார்த்தபோது நெல் எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டாள். இன்னும் கொஞ்ச நாள் என்று சொல்லி நழுவினேன். வெரசா ஆகட்டும் என்றாள். குத்திக்காட்டுகிறாள் என்று நினைத்து எனக்குக் கோபம் வந்தது.

தை பிறந்து சில நாளில் அறுத்தோம். முற்றும் காயவில்லை, ஆனால் இனிப் பொறுக்க முடியாது. பாறையில் போட்டுக் காயவைத்தோம், அதுவும் அரைகுறைக் காய்ச்சல். அன்னக்கொடியும் நானும் எதிரெதிரே நின்று உலக்கை போட்டோம். முதல் குத்தில் உமி போனது. மறுபடி உரலில் போட்டுத் தீட்டினோம். பழுப்பாகத் தவிடு விழுந்தது. பல வருஷத்துக்கப்புறம் அந்த வாசனை. சொளகில் புடைத்துப் படியில் போட்டால் கால் படி குறைந்தது. மிச்ச நெல்லையும் உரலில் கொட்டினோம். எங்கள் உள்ளங்கை கொப்புளம் உடைந்து உலக்கை வழுக்கியது. படி நிறைந்ததும் அவள் கை கழுவக்கூட நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினாள்.

பாக்கியக்கா வாசலுக்கு வந்தாள். தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அவள் முந்தானையை விரித்துத் தவிட்டை வாங்கினாள். கையை உள்ளே விட்டு அள்ளினாள். அது கட்டி கட்டியாக அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. காயாத நெல்லின் தவிடு என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் அன்னக்கொடியைப் பார்த்தாள், வீட்டுக்குள் நின்ற பெண்ணைப் பார்த்தாள்.

"செல்லும்," என்றாள். அவளே பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அண்ணன் வீட்டு வாசலில் விட்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஒரு வாரம் கழித்துத் தவிட்டம்மாள் சமைந்துவிட்டாள் என்று ஊருக்குச் சொன்னோம். பச்சை ஓலைக்குடிசை போட்டு உட்காரவைத்தோம். தண்ணீர் ஊற்றும் நாளில் முதல் தண்ணீர் யார் ஊற்றுவது என்று பேச்சு வந்தது. பிள்ளை பெற்றவள்தான் ஊற்றவேண்டும், பாக்கியக்கா பின்னால் நிற்கட்டும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அன்னக்கொடி குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக எதிர்வீட்டுக்குப் போனாள். மொதத் தண்ணி நீதான்க்கா என்று கையில் கொடுத்தாள்.

பாக்கியக்கா வந்தாள். குப்பைமேட்டுக்குக் கட்டிவந்த அதே சேலைதான், சாயம் போயிருந்தது. மணையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் குனிந்து, நனைந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். குடத்தை வாங்கப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. வாசற்படியில் நின்ற அன்னக்கொடிக்கும் கேட்டது.

"மார்கழில நீ கொல்லைல போட்ட பாவாடை பனியில வெறைச்சுக் கெடந்துச்சு. யாரும் பார்க்குமுன்னே நான்தான் எடுத்து அடுப்புல காயவச்சு மடிச்சு வச்சேன். இனி அப்படி வெளிய போடாதே, தாயி."

பெண் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு விம்மினாள். தண்ணீர் ஊற்றும்போது அழக்கூடாது என்று பொம்பளைகள் அதட்டினார்கள். அன்னக்கொடியைத் திரும்பிப் பார்த்தேன், வாசற்படியில் அவள் இல்லை.

எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும். ஓடைவயலுக்குப் போனேன். அறுத்த தாள்களுக்கு நடுவில், ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கைகள் மடியில் சும்மா கிடந்தன. அப்படி அவள் கைகளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

மகளைத் திருப்பி வாங்கிவிட்டாய், இன்னும் இங்கே என்ன வேலை, எழுந்து வா, பந்தி காத்துக்கொண்டிருக்கிறது என்று அதட்டினேன்.

"நான் எங்கே வாங்கினேன் வள்ளி?" என்றாள். "என் மவளை அவ குடுத்தா."